புதுப்பிப்பு: அப்புத்தளை ஜியோகேச்சிங் சந்திப்பு, இடம் மாறுகிறது

ஜிபிஎஸ் பார்த்து, ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் மலை மேலிருக்கும் லிப்டன் சீட் காட்சிமுனையில் கூடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வெயில் ஏற ஏற அங்கே பனிமூட்டமும் ஏறிவிடும், பஸ்ஸில் வருகிறவர்கள் அதற்குள் மேலே போய்ச் சேர முடியாது என்று பதுளைத் தம்பி ஒருவர் எழுதியது நியாயம். அதனால் அப்புத்தளை டவுனிலேயே, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சந்திப்போம்.

சந்திப்புக்கான நிகழ்வுப் பதிவை ஜியோகேச்சிங் தளத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். ஆகவே இந்தப் போயாவை (பௌர்ணமி விடுமுறையை) விட்டு அடுத்த போயா, காலை ஒன்பதரை. விதிப்படி 30 நிமிடம் கூடினாலே போதும். நான் மத்தியானம் வரை இருப்பேன். ரொட்டியும் கட்டசம்பலும் சொல்லிவைக்கிறேன்.

சந்திப்பில் தேடுவதற்குப் பெட்டி கிடையாது. அப்புறம், தேயிலை மலைக்குள் புதிதாகப் பெட்டி வைக்க நினைப்பவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டபின் வையுங்கள். கொழுந்து பறிக்கிற அக்காமார் நிற்கும் இடத்தில் யாரோ செடிக்குள் குனிந்து துழாவினால் அவர்கள் பயப்படுவார்கள். என் அம்மாவும் அப்படி மலை ஏறியவர்தான்.

அட்டைக்கடிக்கு உப்பும், வழியில் குப்பை பொறுக்க ஒரு பையும் கொண்டுவாருங்கள்.