யூ-டர்ன் முடிந்ததும் டிராப் ஆகிவிடுகிறேன்: 50 வயது தாண்டி சைக்கிள் ரேஸ் ஓட்டுபவர்கள் உதவவும்

மேடவாக்கம்53:
வணக்கம். வயது 53, எடை 72 கிலோ, அலுமினிய ஃப்ரேம் சைக்கிள், முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல் கேசட். ஞாயிறு காலை கிளப்போடு ஈசிஆரில் ஓட்டுகிறேன், இந்த வருஷம் மாஸ்டர்ஸ் (மூத்தோர்) பிரிவில் ரேஸும் ஆரம்பித்திருக்கிறேன். எல்லாம் நேர் ரோட்டில் போய்த் திரும்பி வருகிற சுற்றுகள்தான், இரண்டு முனையிலும் கூம்பு வைத்து யூ-டர்ன். நேர் ரோட்டில் கூட்டம் 37, 38 கிமீ வேகத்தில் போனாலும் பெரிய சிரமம் இல்லாமல் ஒட்டிக்கொண்டு போகிறேன். யூ-டர்ன் முடிந்து நிமிர்ந்தால் முன்னால் இருப்பவருக்கும் எனக்கும் நடுவே மூன்று சைக்கிள் இடைவெளி. ஆரம்பத்தில் எட்டிப் பிடித்துவிடுகிறேன், போகப் போக ஏதோ ஒரு சுற்றில் முடியாமல் போகிறது, அத்தோடு மீதி ரேஸ் முழுக்கத் தனியாக. 20 நிமிட டெஸ்டில் சராசரி 220 வாட் வருகிறது, தனியாக 33-ல் ரொம்ப நேரம் ஓட்டுவேன், அதனால் ஸ்டாமினா இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இப்படிக் கூட்டத்தில் இருந்து கழலும் (டிராப் ஆகும்) நேரத்தில் இதயத் துடிப்பு 168. கிளப்பில் ஒருவர் வயசாகிவிட்டது என்கிறார், இன்னொருவர் 50 மிமீ ஆழ ரிம் உள்ள கார்பன் வீல் போடு என்கிறார். வீல் விலையைச் சொன்னால் வீட்டிலும் என்னை டிராப் பண்ணிவிடுவார்கள். எதைச் சரி செய்வது?

கியர்கேபிள்:
டயர் என்ன, காற்று எவ்வளவு? பழைய பழக்கத்தில் 25 மிமீ டயருக்கு 120 பிஎஸ்ஐ அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் எடைக்கு 80-85 போதும், நம் ரோட்டில் அதுதான் நன்றாக உருளும், திருப்பத்திலும் பிடிக்கும். ஆனால் நீங்கள் சொல்வது டயர் பிரச்சினை மாதிரி தெரியவில்லை.

உப்புக்காத்து:
சார், மூன்று கேள்வி. கூட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? யூ-டர்னுக்குள் எந்த கியரில் நுழைகிறீர்கள்? எந்த முனையில் கழல்கிறீர்கள், வடக்கா தெற்கா? பவர் மீட்டர் இருந்தால் திருப்பம் முடிந்த முதல் அரை நிமிடம் என்ன வாட் என்று பார்த்துச் சொல்லுங்கள். ரேஸ் சராசரி வேண்டாம், அதை வைத்து ஒன்றும் தெரியாது.

மேடவாக்கம்53:
கடைசி நாலைந்து பேரில்தான் இருப்பேன். விழுந்தால் எலும்பு சேருகிற வயசு இல்லை, பின்னால் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். கியர் பெரிதாக மாற்றுவதில்லை, முன்னால் 50, பின்னால் 15 அல்லது 17-லேயே உள்ளே போய் நின்று மிதித்து வெளியே வருவேன். இடைவெளி இரண்டு முனையிலும் விழுகிறது, ஆனால் மொத்தமாகக் கழல்வது தெற்கு முனையில். பவர் மீட்டர் ஃபைலைப் பார்த்தேன், ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு முதல் 10 நொடி 580, 600 வாட், அப்புறம் அரை நிமிடத்துக்கு 350. ரேஸ் சராசரி 185 தான்.

உப்புக்காத்து:
அப்படியானால் விஷயம் தெரிந்துவிட்டது சார். உங்கள் ஒரு மணி நேரத் திறன் 220-ல் 95 சதவீதம், சுமார் 209 வாட். சராசரி அதற்குக் கீழே இருக்கிறது. உங்களைக் கழற்றுவது அந்த 600 தான், அதற்குக் காரணம் நீங்கள் இருக்கும் இடம்.

முதலில் திரும்புகிறவர் 20 கிமீ வேகத்தில் கூம்பைச் சுற்றி, அவசரமில்லாமல் 15 நொடியில் 36-க்கு ஏறுகிறார். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரைவிடக் கொஞ்சம் அதிகமாக பிரேக் பிடிக்கிறார்கள், அந்தக் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்து கடைசி ஆள் 12-க்கு இறங்கிவிடுகிறார். அவர் நிமிரும்போது முன்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே வேகத்தில் இருப்பார்கள், அதனால் அவருக்குக் கிடைப்பது 9 நொடி. சைக்கிளும் ஆளும் சேர்த்து 82 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், வேகம் ஏற்ற மட்டும் முன்னால் இருப்பவருக்கு 190 வாட், உங்களுக்கு 400 வாட். காற்றையும் டயரையும் மேலே சேர்த்தால் உங்கள் 600 வந்துவிடும். ஒரே ரேஸ்தான், ஆனால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் இரட்டிப்பு கட்டணம் கட்டுகிறார்.

தெற்கு முனைக்குக் காரணம் காற்று. இப்போது வாடை அடிக்கிறது, தெற்கே போகும்போது முதுகில், திரும்பியதும் வலது முன்பக்கம். வலதில் இருந்து காற்று வந்தால் காற்றுக்கு மறைவு முன்னால் இருப்பவருக்கு இடது பின்னால்தான் கிடைக்கும். எல்லோரும் இடதுபக்கம் சாய்ந்து சாய்ந்து வரிசை போடுவார்கள், அதற்குள் ரோடு முடிந்துவிடும். கடைசி நாலைந்து பேர் வெள்ளைக் கோட்டை ஒட்டி, மணலில், மறைவே இல்லாமல் ஓட்ட வேண்டியதுதான். அங்கே யாராக இருந்தாலும் கழன்றுதான் போவார்கள், 25 வயசுப் பையனும்தான்.

செய்ய வேண்டியது: திருப்பத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பே, எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, மெதுவாக முன்னே நகர்ந்து முதல் பத்துப் பேருக்குள் வந்துவிடுங்கள். பிரேக் தொடும் முன்பே லேசான கியருக்கு, பின்னால் 19 அல்லது 21-க்கு மாற்றுங்கள். பிரேக் வேலையைச் சாய்வதற்கு முன் முடித்துவிடுங்கள், சாய்ந்த பிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வலது மிதி மேலே, இடது கால் கீழே, எடை முழுக்க இடது காலில். கண் கூம்பில் இருக்கக் கூடாது, வெளியேறப் போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது ஞாயிறு ரைடில் பிடிபடாது. கோவளத்தில் திரும்பினால் எல்லோரும் சேரும் வரை நம் ஆட்கள் மெதுவாகப் போவார்கள், யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பது கிளப் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அதனாலேயே நம்மில் பாதிப் பேருக்கு யூ-டர்ன் எடுக்கத் தெரியாது.

செங்குத்து47:
அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் முன்னால் இருந்தாலும் ஐம்பதுக்கு மேல் திரும்பத் திரும்ப முடுக்குவது கஷ்டம்தான், நிதானமாக ஓட்டும் திறனைவிட அந்த வெடிப்புதான் முதலில் குறைகிறது. வாரம் ஒரு நாள் 15 நொடி முழு வேகம், 45 நொடி நிதானம், இப்படிப் பத்து தடவை, நடுவில் நல்ல இடைவெளி விட்டு இன்னொரு செட். மறுநாள் கண்டிப்பாக எளிய ரைடு. நமக்கெல்லாம் களைப்பு இரண்டு நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். ஜிம்மில் ஸ்குவாட்டும் சேர்த்தால் நல்லது. வீல் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, என்னிடம் ஒரு ஜோடி விற்பனைக்கு இருக்கிறது.

ஈசிஜி_எடுத்தவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 208-இல் இருந்து வயதை 0.7-ஆல் பெருக்கிக் கழிக்கும் கணக்கில் உங்கள் உச்சத் துடிப்பு 171 வருகிறது, ஆளுக்கு ஆள் பத்து கூடும் குறையும். 168 என்றால் கிட்டத்தட்ட முழு வேகத்தில் இருக்கிறீர்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இதில் எதாவது இருந்தால் அந்த 15 நொடி இன்டர்வெல் பயிற்சி பக்கமே போகாமல் டாக்டரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் இந்த வயதில் ரேஸ் தொடங்கும் முன் ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது.

மேடவாக்கம்53:
நன்றி. டிரெட்மில் டெஸ்ட் வருஷ ஆரம்பத்தில் எடுத்தேன், சுத்தமாக இருந்தது, நீங்கள் சொன்ன அறிகுறிகளும் இல்லை.

நேற்று ரேஸில் அண்ணன் சொன்னபடி முன்னே நகர்ந்து, 21-ல் திருப்பினேன். முதல் இரண்டு திருப்பத்தில் இடைவெளியே விழவில்லை, 350 வாட் தாண்டவில்லை, நம்பவே முடியவில்லை. அடுத்ததில் இரண்டு பேர் கடைசி நேரத்தில் வலதுபக்கம் உள்ளே புகுந்தார்கள், பயந்து பிரேக் பிடித்தேன், பழைய கதை. இடத்தைப் பிடிப்பது சரி, பிடித்த இடத்தை எப்படிக் காப்பாற்றுவது?

உப்புக்காத்து:
வலதுபக்கம் ஒரு ஆள் புகுகிற அளவு காலி இருந்தால் புகுந்துவிடுவார்கள், அவர்களைத் திட்டிப் பயனில்லை. முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் இல்லாமல் அரை சாண் வலதில் இருங்கள். உள்ளே வருகிறவருக்குக் கேட்கிற மாதிரி "வலதுல இருக்கேன்" என்று சொன்னால் போதும். முழங்கையை விறைக்காதீர்கள், தோளோடு தோள் லேசாக உரசினால் யாரும் விழமாட்டார்கள், பயந்து திடீரென்று பிரேக் பிடித்தால்தான் பின்னால் நாலு பேர் விழுவார்கள்.

இதைப் படித்துக் கற்க முடியாது சார். வியாழன் சாயங்காலம் சிறுசேரி பக்கம் வண்டி வராத லேஅவுட் ரோட்டில் நாங்கள் நாலைந்து பேர் கூம்பு வைத்துச் சுற்றுகிறோம், எல்லாம் நரைத்த தலைகள்தான். வாருங்கள். வரும் முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை மாற்றினால் ஆகும் செலவை வீட்டில் சொல்லலாம்.

கேளம்பாக்கம்_கிழவன்:
66 வயசுக்காரன் வரலாமா? வீல் வாங்கிவிட்டேன், இன்னும் டிராப் ஆகிறேன்.

உப்புக்காத்து:
ஐந்தே காலுக்கு வந்துவிடுங்கள் ஐயா. இருட்டும் முன் முடிக்கணும், பின் விளக்கு கட்டாயம்.