சம்சாரம் அது மின்சாரம்: கடைசியில் உமா தனிக்குடித்தனம் போவது சரியா?

பவானிக்காரி:
போன ஞாயிறு டிவியில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ போட்டார்கள். நான் மூத்த மருமகள். மாமனார், அத்தை, கொழுந்தனார் குடும்பம் எல்லாம் ஒரே வீடு. எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

மனைவி உமா பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும், வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற பணத்தில் அவள் சாப்பாட்டுக்கு ஆகிறதைக் கழித்துக்கொள்வான் மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்). அந்த இடம் வந்தபோது எங்கள் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொழுந்தனார் குடும்பத்தோடு வெளியூர் போய் வந்த மாதம், அந்த நாட்களுக்கான பால் காசைக் கழித்துத்தான் கொடுத்தார். பால் நோட்டில் பச்சை மையில் அந்தக் கழித்தல் இன்னும் இருக்கிறது. சின்னத் தொகைதான். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

என் கேள்வி முடிவைப் பற்றி. சண்டை தீர்ந்து எல்லோரும் ஒன்று சேர்ந்தபிறகு, உமா (நடிகை லட்சுமி) “நாங்கள் தனியாகவே இருக்கிறோம்” என்கிறாரே, அது சரியா? “ஒட்டவைத்தவளே பிரித்துவிட்டாளே” என்று அத்தைக்கு ஆற்றாமை. எனக்கோ படத்தில் அதைவிட நேர்மையான இடம் இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்புறம், இது முதலில் நாடகம்தானே? கதை வீட்டை விட்டு நகராததற்கு அதுதான் காரணமா?

திருவல்லிக்கேணி சபாக்காரர்:
ஆமாம் அம்மா, விசு நாடகமாக எழுதிய கதை. 1975இல் ‘உறவுக்கு கை கொடுப்போம்’ என்று ஒருமுறை படமாக வந்தது. அப்புறம் 1986இல் ஏவிஎம் தயாரிப்பில் விசுவே எழுதி இயக்கி, அம்மையப்ப முதலியாராகவும் நடித்தார். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது.

மேடையில் ஒரு கூடம்தான் உலகம். அதன் நடுவில் கோடு கிழித்தால் உலகமே இரண்டாகிவிடும். சண்டைக்குப் பிறகு அப்பா வீட்டின் நடுவில் கோடு கிழித்துப் பிரிக்கிற காட்சி திரையிலும் நிற்பதற்குக் காரணம் அதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். விசு கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசுகிறவர். மேடையில் பழகிய தொண்டை. எதிரே ரகுவரன் குரலை உயர்த்தாமல் கணக்கு மட்டும் சொல்வார். கத்துகிற அப்பாவைவிட கத்தாத பிள்ளைதான் நம்மைப் பயமுறுத்துகிறான். சம்பந்தி ஆல்பர்ட்டாக வருகிற கிஷ்மு, விசுவின் சொந்தத் தம்பி. அந்த இரண்டு பேர் சண்டையில் இருக்கும் வேகம் வீட்டில் பழகியது.

முடிவு பற்றி: அத்தை பக்கம்தான் நான். கூடி வாழ ஒரு வழி சொல்லியிருக்கலாம்.

கோயம்புத்தூர் வாடகை வீடு:
நான் உமா பக்கம். சிதம்பரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், அடுத்த மருமகள் வசந்தாவை மறந்துவிடுகிறோம். புதிதாகக் கல்யாணமானவள். புருஷன் ராத்திரியெல்லாம் தம்பி பாரதிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். தம்பி பாஸாக வேண்டும், உண்மைதான். ஆனால் அவளுக்கென்று ஒரு மணி நேரம்கூட அந்த வீட்டில் கிடையாது. அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டால் மனசு சரியாகும். அதற்காகக் கூடுதலாக ஓர் அறை முளைக்காதே! உமா அதைப் புரிந்துகொண்டுதான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். எங்கள் அண்ணன் தனியாகப் போனபிறகுதான் நானும் அவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்கிறோம்.

பவானிக்காரி:
வசந்தா விஷயத்தை நான் இப்படி யோசிக்கவில்லை. உங்கள் பதிலை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, உமா போகட்டும். ஆனால் அடுத்த தெருவில் இருக்கட்டும். குழம்பு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்கிற தூரமாக இருந்தால் போதும்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் குழம்பு வந்தால் கூடவே “என்ன சமைத்தாய், எவ்வளவு செலவாச்சு” என்ற கேள்வியும் வரும். உமா கேட்டது அந்தக் கேள்வி வராத தூரம். இதைத்தான் அத்தையிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.