தமிழ் வருகிறது, இதயமும் வருகிறது, சிரிப்பு முகம் போட்டால் மட்டும் வரி பாதியில் வெட்டுப்படுகிறது

புதுப்பயனர்:
நானே எழுதிய சின்ன வலைத்தளம். கருத்துப் பெட்டியில் "அருமை 😀 அடுத்த பகுதி எப்போது?" என்று போட்டால், பக்கத்தில் "அருமை" மட்டும் நிற்கிறது. எர்ரர் எதுவும் இல்லை. ❤ போட்டால் வரி முழுதாக வருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்று கொடுத்திருக்கிறேன். ஃபாண்ட் கோளாறா?

பின்னிரவு:
ஃபாண்டாக இருக்காது. ஃபாண்டில் அந்தப் படம் இல்லையென்றால் வெறும் கட்டம் தெரியும், பின்னால் வரும் எழுத்தையெல்லாம் விழுங்காது. கருத்துகளைச் சேமிப்பது பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் டேபிள்தானே? அதில் "யுடிஎஃப்8" என்ற பெயரில் இருப்பது அரைகுறை, ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் வாங்காது. தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட், ❤ கூட 3 தான். 😀 மட்டும் 4. ஸ்ட்ரிக்ட் மோட் (தவறான தரவை எர்ரர் காட்டி மறுக்கும் அமைப்பு) ஆஃபில் இருந்தால் அந்த இடத்திலேயே சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

டேபிளை யுடிஎஃப்8எம்பி4 (ஒரு குறிக்கு 4 பைட் வரை வாங்குவது) ஆக்குங்கள். வலைத்தளம் டேட்டாபேஸுடன் பேசும் கனெக்‌ஷனுக்கும் அதையே கொடுக்க வேண்டும், பலரும் விடுவது இதைத்தான். முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே வெட்டுப்பட்ட பகுதிகள் திரும்ப வராது, அவை உள்ளே போகவே இல்லை.

தட்டச்சுப்பூனை:
டேபிளைத் தொட அனுமதி இல்லையென்றால், சேமிக்கும் முன் எமோஜியை 😀 என்று எண்ணாக மாற்றலாம், உலாவி அதை முகமாகவே காட்டும். ஆனால் தேடலும் எழுத்து எண்ணிக்கையும் குழம்பும். ஒட்டுப்போட்ட வேலைதான், எனக்குப் பிடிக்காது.

புதுப்பயனர்:
அனுமதி இருக்கிறது. மாற்றும்போது மின்னஞ்சல் புலத்தின் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) 767 பைட்டைத் தாண்டுகிறது என்று நின்றுவிட்டது.

பின்னிரவு:
255 நீளம் வைத்திருப்பீர்கள். 255-ஐ 3-ஆல் பெருக்கினால் 765, அதனால் இதுவரை தப்பித்தது. இப்போது 4-ஆல் பெருக்க வேண்டும். இன்டெக்ஸை முதல் 191 எழுத்துக்கு மட்டும் போடுங்கள், 764-இல் அடங்கிவிடும். அது யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுப்பது) என்றால் கவனம்: முதல் 191 எழுத்தை வைத்துத்தான் ஒப்பிடும்.

புதுப்பயனர்:
சரியாகிவிட்டது, கனெக்‌ஷனில்தான் கடைசியாக மாட்டியிருந்தது. மிக்க நன்றி! இன்னொன்று: பக்க வடிவமைப்பில் நான் எழுதிவைத்த ❤ என் கைபேசியில் சிவப்பு, கணினியில் கறுப்பு. இதுவும் இதே வகையா?

தட்டச்சுப்பூனை:
இல்லை, அது வேறு கதை. அந்த இதயம் 1993-லேயே யூனிகோடில் ஏறிய அச்சுக் குறி. எமோஜிகள் கூட்டமாக வந்ததே 2010-இல்தான். அதனால் எழுத்தாகவும் காட்டலாம், படமாகவும் காட்டலாம், முடிவு அந்தந்தக் கருவியுடையது. பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்த்தால் படமாகவே காட்டச் சொல்லலாம்: ❤️

கைபேசி விசைப்பலகை பெரும்பாலும் அதைத் தானே சேர்த்துவிடும். வேறெங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டும்போதுதான் தவறிப்போகும். நீங்கள் அப்படி ஒட்டியதா?

புதுப்பயனர்:
ஆமாம், ஒட்டியதுதான். 65039 சேர்த்ததும் கணினியிலும் சிவப்பு.