நெட்ஸ்கேப் பங்கும் இன்ட்ராநெட்டும்: எதை நம்பி வாங்கினார்கள்?

கேள்வி:
1995 ஆகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப் பங்கு 28 டாலருக்கு வெளியாகி, அன்றே 75-ஐ நெருங்கி, 58.25-இல் முடிந்திருக்கிறது. பிரவுசரைப் பாதிப் பேர் சும்மாவே இறக்கிக்கொண்ட கம்பெனிக்கு எதை நம்பி இந்த விலை?

பதில்:
பிரவுசரை விடுங்கள் தம்பி, காசு சர்வரில், அதாவது பிரவுசர் கேட்கும் பக்கங்களை அனுப்பும் மென்பொருளில். அப்போது நான் நியூஜெர்சியில் ஓர் அலுவலகத்தில் சிஸ்டம் அட்மின். எக்ஸ்டென்ஷன் பட்டியல், லீவு பாரம் எல்லாம் ஜெராக்ஸ் போட்டு மேசை மேசையாகப் போகும். யாராவது இடம் மாறினால் மறுபடி ஜெராக்ஸ். சன் கம்பெனியின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் நெட்ஸ்கேப் சர்வரை ஏற்றி எல்லாவற்றையும் பக்கங்களாக்கினோம். விண்டோஸோ மேக்கோ யூனிக்ஸோ, அதே பக்கம் திறந்தது. இப்படி அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் வலைக்குத்தான் இன்ட்ராநெட் என்று பெயர். அதைப் பார்த்துத்தான் நானும் கொஞ்சம் வாங்கினேன்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணே, அப்புறம் ஏன் விழுந்தது?

பதில்:
1996-இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி 4.0 சர்வரோடு, ஐஐஎஸ் என்ற அவர்களுடைய வலைச் சர்வர் இலவசமாக வந்தது. “கையிலேயே இருக்கே, தனி லைசென்ஸ் எதுக்கு?” என்றார் எங்கள் மேனேஜர். பங்கின் கதை எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. 1997 கடைசிக் காலாண்டில் நெட்ஸ்கேப்புக்கு 8.8 கோடி டாலர் நஷ்டம். நான் அதற்கு முன்பே விற்றுவிட்டேன். சாமர்த்தியம் எல்லாம் இல்லை, வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது.

இன்னொருவர்:
விற்காதவர்களும் முழுசாக மூழ்கவில்லை. 1998 நவம்பரில், இணைய இணைப்பு விற்ற ஏஓஎல் கம்பெனி நெட்ஸ்கேப்பை வாங்குவதாக அறிவித்தது. நெட்ஸ்கேப் பங்கு ஒன்றுக்கு 0.45 ஏஓஎல் பங்கு. அதை எப்போது விற்றார்கள் என்பதில்தான் லாபமும் நஷ்டமும்.