ஜான் லெயர்டுக்கு அலபாமா கப்பல்ல எவ்வளவு பங்கு?

நங்கூரம்72:
ஜான் லெயர்டு பத்தி படிச்சதுல இருந்து மனசு ஒரு பக்கமா நிக்கல. 1805ல ஸ்காட்லாந்து கிரீனாக்ல பொறந்தவர், இங்கிலாந்துல லிவர்பூல் பக்கத்துல இருக்கற பர்கன்ஹெட்ல அப்பா ஆரம்பிச்ச இரும்புப் பட்டறையை பெரிய கப்பல் யார்டா வளர்த்தவர். 1861ல தொழிலை பசங்க கையில குடுத்துட்டு அந்த ஊரோட முதல் எம்பி ஆயிட்டார். அடுத்த வருஷமே அதே யார்டுல இருந்து அலபாமாங்கற போர்க்கப்பல் கிளம்புது, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமைமுறைக்காக நின்ன தென் மாநிலங்களுக்காக. இவரை எப்படி எடுத்துக்கறது?

பாய்மரம்:
முதல்ல அவர் செஞ்ச வேலையைப் பாருங்க. 1829லயே இரும்புப் படகு கட்டினாங்க, அப்ப பல பேருக்கு இரும்பு மிதக்கும்னே நம்பிக்கை இல்ல. மிதந்தாலும் இன்னொரு தலைவலி, இரும்பு உடம்பு காம்பஸ் முள்ளை இழுத்துடும், கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியாது. 1838ல வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy), காம்பஸ் பக்கத்துல காந்தம் வச்சு அதைச் சரிபண்ணினாரே, அந்த சோதனை நடந்த ரெயின்போ கப்பல் லெயர்டு கட்டினதுதான். அது இல்லாம இரும்புக் கப்பலை நம்பி நடுக்கடலுக்கு யார் போயிருப்பா?

துறைமுகவாசி:
அதெல்லாம் சரி, ஆனா அதே யார்டுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெமசிஸ்ங்கற போர்க்கப்பலைக் கட்டிச்சு, அது சீனாவுல அபின் போருக்குப் போச்சு. அலபாமாவுக்கு கான்ட்ராக்ட் போட்டதும் 1861லயேதான். சண்டையில இருக்கற வெளிநாட்டுக்கு பிரிட்டன்ல போர்க்கப்பலை ஆயுதத்தோட தயார்பண்ணக் கூடாதுன்னு சட்டம், அதனால பீரங்கி இல்லாம 1862 ஜூலைல கிளம்பி அட்லாண்டிக்ல இருக்கற அசோர்ஸ் தீவுல ஏத்திக்கிட்டாங்க. அப்புறம் 60க்கு மேல வணிகக் கப்பல்களைப் பிடிச்சுது. 1863ல பார்லிமென்ட்ல லெயர்டே எழுந்து, வர்க்கத்துக்கு எதிரா வர்க்கத்தைத் தூண்டிவிடறவன்னு பேர் எடுக்கறதைவிட ஒரு டஜன் அலபாமா கட்டினவன்னு பேர் எடுக்கறது மேல்னு சொன்னார், சபையில கைதட்டல் வேற. கடைசியில இந்த மாதிரி கப்பல்கள் பண்ணின சேதத்துக்கு 1872 ஜெனீவா நடுவர் தீர்ப்புப்படி அமெரிக்காவுக்கு 1.55 கோடி டாலர் கட்டினது பிரிட்டிஷ் அரசாங்கம், அதாவது ஜனங்க பணம்.

நங்கூரம்72:
அந்தப் பேச்சு எனக்குத் தெரியாதுங்க. யார்டை விட்டு வந்தாச்சுன்னு அவர் சும்மா இருந்திருந்தா சந்தேகத்தோட பலனைக் குடுத்திருப்பேன், சபையில நின்னு அதையே பெருமையா சொன்னப்புறம் எனக்கு மனசு வரல. ரெயின்போ பத்தி மட்டும் இன்னும் படிக்கணும், தெரிஞ்சா எழுதுங்க பாய்மரம்.