நேபாளத்தில் தன்னார்வப் பணியும் மலையேற்றமும்: 70,000 ரூபாய் கட்டலாமா?

மூணாறு மாணவி:

வணக்கம். நான் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். கோட்டயத்தில் சமூகப்பணி முதுகலை முதலாண்டு படிக்கிறேன். வரும் ஏப்ரல், மே விடுமுறையில் நேபாளம் செல்ல விரும்புகிறேன். பொக்காராவில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் இரண்டு வாரம் ஆங்கிலம் கற்பிக்கவும், பிறகு ஐந்தே நாளில் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடந்து திரும்பவும் 70,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். விமானக் கட்டணம் தனி. அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த பணமும் என் உதவித்தொகையும் இதில் கரைந்துவிடும் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன் அனுபவப்பட்டவர்களைக் கேட்கிறேன். மீசைப்புலிமலையில் இருமுறை ஏறியிருக்கிறேன். எனவே நடை எனக்குச் சிரமமாக இராது என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

தங்கை, மலைக்குப் போங்கள். அந்த இல்லத்துக்குப் பணம் கட்டாதீர்கள். கல்லூரியில் படித்த காலத்தில் நானும் இப்படித்தான் பணம் கட்டி, அங்கே ஓர் இல்லத்தில் மூன்று வாரம் இருந்தேன். முதல் நாள் ஒரு சிறுமி தன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆங்கில அரிச்சுவடி அதில் ஐந்து வெவ்வேறு கையெழுத்துகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எனக்கு முன் வந்த ஒவ்வொருவரும் முதலெழுத்திலிருந்தே தொடங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆறாவதாக நானும் அதையே செய்தேன். தசைன் பண்டிகைக்கு முந்தைய வாரம் ஒருவர் மலைக் கிராமத்திலிருந்து ஒரு பை மக்காச்சோளத்தோடு வந்து வாசற்கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். அவர் அந்தச் சிறுமியின் தகப்பன் என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

நேபாளத்தில் இத்தகைய இல்லங்களில் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். இல்லங்களோ சுற்றுலாப் பயணிகள் குவியும் காட்மாண்டு, பொக்காரா பக்கங்களில்தான் நெருக்கமாக இருக்கின்றன. பணம் கட்டும் விருந்தினர் வந்துகொண்டிருக்கும் வரை, பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவருவதற்கும் ஆள் இருப்பார்கள். ஆஸ்திரேலியா தன் 2018ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி, அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். சமூகப்பணி படிக்கும் நீங்கள், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

குமுளி செவிலியர்:

நான் மலையேற்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தங்கை. மீசைப்புலிமலையின் உயரம் 2,640 மீட்டர். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர். கால் பலம் வேறு, உயரம் உடம்புக்குப் பழகுவது வேறு. நன்றாக நடக்கிறவர்கள்தான் வேகமாக ஏறிச் சென்று படுத்துவிடுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. ஐந்து நாள் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. மச்சாபுச்சரே முகாமில், அதாவது சுமார் 3,700 மீட்டரில், ஓர் இரவாவது தங்கிவிட்டு மேலே செல்லுங்கள். தலைவலியோடு வாந்தியோ பசியின்மையோ வந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. நடையில் தள்ளாட்டம் வந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இரவென்று பாராமல் கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பதையும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. விமானத்தில் செல்வதானால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்க வேண்டும்.

குளத்துப்புழை ரப்பர்த் தோட்டம்:

தங்கைக்கு வேறொரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரன் நான். படிப்பு முடிந்த ஆண்டு இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஏழு வாரம் தங்கி, நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற சாதாரண தரத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். அங்கிருந்த தமிழ் ஆசிரியரே என்னை அழைத்தார். யாருக்கும் கட்டணம் கட்டவில்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் என்னுடையது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நீங்கள் லயம் என்பீர்கள், அவர்கள் லயன் என்பார்கள். கொழுந்து, கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சொற்கள்தான். பொக்காராவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு தாயிடம் நீங்கள் என்ன பேச முடியும்? அட்டனில் லயன் வாசலில் உட்கார்ந்து, பிள்ளை ஏன் பள்ளியை விட்டு நின்றான் என்று அவளிடமே கேட்கலாம்.

சாகசத்துக்கும் அங்கே குறைவில்லை. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறத்தாழ 5,500 படிகள். உச்சி 2,243 மீட்டர். நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால், விடியும்போது மலையின் நிழல் முக்கோணமாக எதிர்ப்பக்கத்து மேகத்தின்மேல் விழுவதைப் பார்க்கலாம். மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிந்து, படி விளக்குகளும் அணைந்துவிடும் என்பதால் ஏப்ரலிலேயே ஏறிவிடுங்கள். கண்டியிலிருந்து தோட்டப் பாதைகள் வழியே செல்லும் பெக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் 22 கட்டங்களில் நான் நடந்தவை நான்கு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி இல்லை. எந்த வகை விசா என்பதை அழைப்பவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள்.

மூணாறு மாணவி:

மூவருக்கும் நன்றி. நேற்று முகவரிடம் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றிக் கேட்டேன். அது எனக்குத் தேவையற்ற விஷயம் என்று சொல்லி, இரண்டு நாளில் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றார். கட்டப்போவதில்லை. அன்னபூர்ணாவை வேலையில் சேர்ந்து, போதிய விடுப்பு கிடைக்கும் ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

அட்டன் என்று சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அவருடைய பாட்டியின் அக்கா கண்டிச் சீமைக்குப் போனவராம். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லையாம். குளத்துப்புழை அண்ணா, கணிதம் எனக்கு ஓரளவு வரும். அந்த ஊர்ப் பாடநூல்களை இங்கிருந்தே வாங்கிப் படித்துக்கொண்டு வர வழி உண்டா? இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.