அம்மம்மாவின் அறையை மாற்றியது: வெளிச்சம், சத்தம், வாசனை

உவர்மலைப் பேத்தி:
எங்கள் அம்மம்மாவுக்கு மறதி நோய். பகலில் ஓரளவு நிதானமாக இருப்பார். பின்னேரம் ஆனால் பதற்றம் தொடங்கிவிடும். "வீட்ட போவம், பிள்ளையள் தேடுங்கள்" என்று வாசலுக்கு நடப்பார், இது தன் வீடுதான் என்பது பிடிபடாது. இந்த நோயில் பின்னேரக் குழப்பம் பலருக்கும் வருவதுதான் என்று டொக்டர் சொன்னார். மருந்தோடு சேர்த்து அறையையும் கொஞ்சம் கவனிக்கச் சொன்னார். நாங்கள் செய்ததை எழுதுகிறேன், வீட்டில் வயதானவர்களைப் பார்ப்பவர்களுக்கு உதவும்.

முதலில் வெளிச்சம். ரம்மியமான அறை என்றால் மங்கல் விளக்கு என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. வயதானவர்களுக்கு அது பொருந்தாது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. கண்மணி சுருங்கிவிடும், வில்லையும் மஞ்சளாகிவிடும். நமக்கு இதமாகத் தெரிகிற மங்கல் அவர்களுக்கு இருட்டு. அந்த இருட்டில் கதிரையின் நிழல்கூட ஆள் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

திருகோணமலையில் பொழுது ஆறு மணி சுமாருக்கு விழுந்தால் அரை மணிக்குள் நல்ல இருட்டாகிவிடும். அதனால் இருட்டும்வரை காத்திருக்காமல் நாலரைக்கே லைட்டைப் போட்டுவிடுகிறோம். ஒரே ஒரு பெரிய பல்ப்பை விட, மூலைக்கொன்றாக இரண்டு மூன்று வைத்தால் நிழல் குறைகிறது. எல்லாம் 2700 கெல்வின் மஞ்சள் பல்ப் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள்). வெள்ளை டியூப் லைட்டில் வாட்ஸ் எவ்வளவு இருந்தாலும் அறை ஆஸ்பத்திரி வார்டு போலத்தான் இருக்கிறது. படுக்கும் நேரம் நெருங்க ஒவ்வொன்றாக அணைத்து, கழிவறைக்குப் போகும் வழியில் மட்டும் ஒரு சின்ன விளக்கை விட்டுவைக்கிறோம்.

இன்னொன்று, யன்னல். உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். "ஆரோ பெண் நிண்டு என்னையே பாக்கிறா" என்று அம்மம்மா நடுங்கியது அவரையே பார்த்துத்தான். இப்போது இருட்டுவதற்கு முன்பே திரைச்சீலையை இழுத்துவிடுகிறோம். எங்களுக்கு ஆகப் பெரிய பலன் தந்தது இந்தச் செலவில்லாத வேலைதான்.

சத்தத்தில் கூட்டியதை விடக் குறைத்ததே அதிகம். பின்னேரச் செய்தியை நிறுத்திவிட்டோம், டிவியில் யாராவது கத்தினால் வீட்டுக்குள் சண்டை என்று நினைத்துவிடுகிறார். பதிலுக்கு அவர் இளமையில் வானொலியில் கேட்ட பாட்டுகள், மெல்லிய சத்தத்தில். பெயர்கள் மறந்தவர் பாட்டின் அடுத்த வரியைப் பிசகாமல் பாடுகிறார். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாள் முழுக்க ஓடவிட்டால் அதுவும் இரைச்சல்தான்.

வாசனையை நான் கடைசியாக வைப்பேன். மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடுவதால் போதவில்லை என்று நாமே மேலும் மேலும் கூட்டிவிடுவோம், வெளியிலிருந்து வருபவருக்கு மூச்சு முட்டும். இந்த நோயில் மோப்பசக்தி ஆரம்பத்திலேயே குறையவும் தொடங்கும். அதனால் சாம்பிராணிப் புகையை விறாந்தையோடு நிறுத்திவிட்டு, அறைக்குள் மல்லிக் கோப்பி வாசமும் வெட்டி வைத்த தேசிக்காயும் மட்டும்தான். கோப்பி வாசம் வந்தால் பின்னேரம் ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. நேரத்தைச் சொல்லும் வாசனை அவருக்கு உதவுகிறது. வெறும் நறுமணத்தால் பெரிதாக ஒன்றும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வீணை டீச்சர், மனையாவெளி:
சத்தம் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். சீமெந்துத் தரை, வெறும் சுவர், கண்ணாடி என்று இருக்கும் ஹோலில் மெதுவாகப் பேசினாலும் எதிரொலித்துக் குழம்பும், காது மந்தமானவர்களுக்கு அது பெரிய தொல்லை. 1895 வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபின் என்பவர் ஒரு விரிவுரை மண்டபத்தில் இதையே ஆராய்ந்தார். அங்கே ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனதாம். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்திருக்கிறார். என் வகுப்பறையில் தடித்த பருத்தித் திரையும் பாயும் பஞ்சு மெத்தையும் போட்ட பிறகுதான் பிள்ளைகள் தங்கள் சுருதியைத் தெளிவாகக் கேட்கிறார்கள். அம்மம்மாவின் அறையில் ஒரு சுவருக்காவது கனமான துணி தொங்கவிட்டுப் பாருங்கள் தங்கச்சி.

நைட் டியூட்டி தாதி:
எனக்கு இதற்கு நேர்மாறு, பகலில் தூங்க வேண்டும். கண்ணில் பார்வைக்கென்று இல்லாமல் உடலின் நேரத்தை உணர்வதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன, அவை நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். ஃபோன் திரையிலும் அந்த நீலம் இருக்கிறது. அதனால் காலையில் வீட்டுக்கு வந்ததும் ஃபோனைத் தூர வைத்துவிட்டு, யன்னலுக்குக் கறுப்புத் துணி. தெருச் சத்தத்தை ஃபேன் இரைச்சல் மூடிவிடும். வாசனை எதுவும் வைப்பதில்லை.

உவர்மலைப் பேத்தி:
நன்றி அக்கா. மேற்குச் சுவரில் துணியைப் போட்டுவிட்டோம். நாங்கள் பேசுவதை அம்மம்மா திரும்பத் திரும்பக் கேட்பது குறைந்திருக்கிறது. அது துணியாலா, நாங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவதாலா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டையும் தொடர்கிறோம்.